வலது முன் டயரின் உள் ஓரம்

ஜூலை 21, திங்கள்

நேற்று கோ-கார்ட் என்கிற குட்டி வண்டி ரேஸில் மூன்றாவது சுற்று. எங்கள் வண்டியை ஓட்டும் சௌடேஸ்வரி இரண்டாவதாக வந்தாள். மொத்தப் புள்ளியில் இப்போது அவள்தான் முதல். இன்னும் இரண்டு சுற்று பாக்கி.

இந்த நோட்டில் நான் வழக்கமாக எழுதுவது டயரில் எவ்வளவு காற்று, செயின் மாற்றிய தேதி, வெயிலா மேகமா, அவ்வளவுதான். இன்று கூடக் கொஞ்சம் எழுதுகிறேன். ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. எழுதிப் பார்த்தால் பாதி புரிந்துவிடும் என்பது என் கட்சி.

காலையில் வண்டியைக் கழுவிவிட்டு நான்கு டயரையும் கழற்றி வரிசையாக வைத்தேன். மூன்று டயர் ஒழுங்காகத் தேய்ந்திருக்கிறது. வலது முன் டயர் மட்டும் உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டையாகி, நூல் தெரிகிறது. அதே டயரின் வெளி ஓரம் கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி இருக்கிறது.

எங்கள் ரேஸ் பாதையில் ஒன்பது வளைவு. அதில் ஆறு வலது பக்கம் திரும்புவது. வண்டி வலது பக்கம் திரும்பினால் பாரமெல்லாம் இடது டயர்கள் மேல்தான் விழும். வலது முன் டயர் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா மாதிரி, கூடவே வரும், ஒரு வேலையும் செய்யாது. வேலை செய்யாத டயர் எப்படித் தேயும்? கோ-கார்ட் வண்டிகளில் பதினாறு வருடமாகக் கை வைத்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

முதலாளி அவினாசியப்பன் வந்து டயரைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குப் பம்பு கம்பெனி தொழில், ரேஸ் கிறுக்கு. "துரைராஜு, வண்டியா, ஆளா?" என்றார். கோளாறு வண்டியிலா, ஓட்டுகிறவளிடமா என்று அர்த்தம்.

"பாத்துச் சொல்றனுங்."

"வண்டின்னா சரி பண்ணு. ஆளுன்னா சொல்லீரு. நவநீதனை உக்கார வெச்சுக்கலாம்."

நவநீதன் அவருடைய அக்கா மகன். இருபத்தொரு வயது, நல்ல உடம்பு, சுமாராக ஓட்டுவான்.

ஒரு சுற்றுக்கு ஒரே செட் டயர்தான். ரேஸ் நடத்துகிறவர்கள் முத்திரை குத்திக் கொடுப்பார்கள், சனிக்கிழமைப் பயிற்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ரேஸ் முடியும்வரை அதுதான். நூல் தெரிந்த டயரை வைத்துக்கொண்டு பாதையைக் கடைசி ஐந்து லேப் சுற்றி இரண்டாவதாக வந்திருக்கிறாள். அதை முதலாளி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

இரண்டாவது சுற்று வரைக்கும் டயரெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் வண்டியில் மாற்றியது என்னென்ன என்று நோட்டைப் புரட்டினேன். செயின், பிரேக் பேடு, ஸ்பார்க் பிளக், சீட். இதெல்லாம் டயர் பக்கம் போகாத சாமான்.

சீட் மாற்றியது ஜூன் 29-இல். பயிற்சியில் பின்னால் வந்த வண்டி இவள் வண்டி மேல் ஏறி, பழைய சீட் விரிசல் விட்டுப்போயிற்று. பரண் மேல் ஒன்று கிடந்தது, ஒரு சைஸ் பெரிது. அதைப் போட்டு முடுக்கிவிட்டேன். "கொஞ்சம் லூசா இருக்குதுங்ணா" என்றாள். "தெனம் ரெண்டு முட்டைதோசை சேத்துச் சாப்புடு அம்மிணி, நெறைஞ்சு போயிரும்" என்றேன். பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இப்போதெல்லாம் என் கேலிக்கு அவள் சிரிப்பதில்லை. உதட்டை மட்டும் அசைக்கிறாள். புள்ளியில் முதல் இடம் அல்லவா, கொஞ்சம் தலை கனத்திருக்கும்.

இன்று காற்று அளக்கும் மீட்டர் மேல் சந்தேகம் வந்து, பக்கத்துப் பட்டறை மீட்டரை வாங்கி ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றுதான்.

ஜூலை 26, சனி

பயிற்சிக்குப் பழைய டயர்களில் நல்லதாக ஒரு ஜோடி எடுத்து, இடது டயரை வலதிலும் வலது டயரை இடதிலும் மாட்டினேன். டயரின் கோளாறு என்றால் தேய்மானமும் டயரோடு இடம் மாற வேண்டும். சௌடேஸ்வரி முப்பது லேப் ஓட்டினாள்.

அவள் ஓட்டுவதைப் பற்றி இங்கே எழுதாமல் விட்டால் பாவம். நான்காவது வளைவுக்கு முன்னால், அவள் பிரேக் மிதிக்கும் இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு நின்றேன். முப்பது லேப்பும் அந்தக் கோட்டிலிருந்து ஒரு சாண் முன்னே பின்னே போகவில்லை. மற்ற பையன்கள் ஒரு லேப்புக்கு ஒரு இடத்தில் மிதிப்பார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவார்கள். இவள் கை அசைவதே தெரியாது. வாரம் ஐந்து நாள் பீளமேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் வால்வு படம் வரைகிறாள். அந்தக் கை அப்படியே இங்கேயும் வருகிறது போல.

ஆடிக் காற்று பாலக்காட்டிலிருந்து கிளம்பி எங்கள் பட்டறைக்குள்தான் வந்து நிற்கிறது. எல்லோருக்கும் தும்மல். நான் தும்மினால் ஸ்பேனர் கீழே விழும். அவளுக்குத் தும்மல் வந்தால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி அப்படியே விழுங்கிவிடுகிறாள். படித்த பெண், நாகரிகம் தெரிகிறது.

ஜூலை 27, ஞாயிறு

மறுபடியும் வலது முன். உள் ஓரம். டயரின் மேல் பழி இல்லை.

ஜூலை 30, புதன்

சக்கர பேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. சக்கரம் மாட்டும் அச்சு முனை வளைந்திருக்குமோ என்று புதிதே போட்டேன். ரிம்மைச் சுற்றவிட்டுப் பார்த்தேன், கோணல் இல்லை. மத்தியானம் கேஸ் சிலிண்டர் வந்தது. என் மனைவி சாந்தாமணி மூன்று தடவை போன் செய்தாள், நான் எடுக்கவில்லை, சாயங்காலம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று வண்டியை மட்டமான கடப்பைக்கல் மேல் ஏற்றி அளந்தேன்.

மற்ற மெக்கானிக்குகள் சக்கரம் நேராக இருக்கிறதா என்று காலி வண்டியில் அளப்பார்கள். அது சுத்த மடத்தனம். கோ-கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது, குழாய்ச் சட்டம்தான் வளைந்து கொடுக்கும். ஆள் உட்கார்ந்தால் சட்டம் தொய்யும், சக்கரம் சாயும். காலியாக அளந்தால் கிடைப்பது காலி வண்டியின் கணக்கு. அதனால் நான் எப்போதும் மூட்டை வைத்து அளப்பேன். ஓட்டுகிறவர் எடைக்குச் சரியாக மணல் அளந்து, சாக்கில் கட்டி, சீட்டில் உட்கார வைத்துவிடுவேன். சௌடேஸ்வரிக்கு ஐம்பத்தெட்டு கிலோ, ஹெல்மெட்டும் உடுப்பும் சேர்த்தால் அறுபத்தொன்று. அறுபத்தொரு கிலோ மூட்டை அவள் பெயர் எழுதி மூலையில் இருக்கிறது. மூட்டை லீவு கேட்காது, போன் பார்க்காது. இந்தப் பாதையில் என்னைத் தவிர யாரும் இப்படிச் செய்வதில்லை. சென்னையிலிருந்து வந்த ஒருவர் இதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

நூல் பிடித்து, இரும்பு ஸ்கேல் வைத்து, மூன்று தடவை அளந்தேன். இடதும் வலதும் அரை மில்லி பிசகவில்லை. சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தேன். சொக்கத் தங்கம்.

என் வண்டியில் கோளாறு இல்லை. இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்க வேண்டும். பாதிதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. குடும்பத்தோடு பேரூர் போய் வந்தோம். ஆற்றில் தண்ணீர் பரவாயில்லை. பார்க்கிங்கில் நின்ற கார்களின் வலது முன் டயர்களை மட்டும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தேனாம். சாந்தாமணி சொல்லித்தான் தெரியும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நான்காவது சுற்று. தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

இருபது லேப் ரேஸ். முதல் பதினான்கு லேப் அவள் ஓட்டியது மாதிரி யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. மூன்றாவதாகக் கிளம்பினாள். இரண்டாம் லேப்பில் ஒருத்தனை உள்பக்கமாகவும், ஐந்தாம் லேப்பில் இன்னொருத்தனை வெளிப்பக்கமாகவும் கடந்தாள். வெளிப்பக்கமாகக் கடப்பதற்கு நெஞ்சில் துணிச்சல் வேண்டும். பிறகு ஒவ்வொரு லேப்புக்கும் ஒரு வண்டி நீளம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு, வாய் விட்டு, "போ கண்ணு, போ கண்ணு" என்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து டீம்காரன் சிரித்தான். சிரிக்கட்டும்.

பதினைந்தாம் லேப்பில் வண்டியின் மூக்கு விலக ஆரம்பித்தது. திருப்பினால் திரும்பவில்லை. எனக்கு வேலி ஓரத்திலிருந்தே தெரிந்தது, டயர் போய்விட்டது. நான்கு பேர் அவளைக் கடந்தார்கள். அதில் ஒருத்தனைக் கடைசி வளைவில், அந்தச் செத்த டயரோடு, திரும்பப் பிடித்தாள். நான்காவது இடம். மொத்தப் புள்ளியில் இரண்டாவதாக இறங்கிவிட்டாள்.

வண்டி உள்ளே வந்து நின்ற பிறகு அவள் உடனே எழவில்லை. வலது கையை ஊன்றி, உடம்பைத் திருப்பி, மெல்ல இறங்கினாள். ஹெல்மெட் பையை என்னை எடுத்துவரச் சொன்னாள். முன்பெல்லாம் அதை யாரையும் தொட விடமாட்டாள்.

முதலாளி எல்லார் முன்னாலும் டயரைத் தூக்கிக் காட்டினார். "மூணு வாரமா என்னதான்டா பண்ணிட்டிருக்கற? வண்டியா, ஆளா? எனக்கு ஒரு வார்த்தைல பதில் வேணும்."

"புதங்கிழமை நவநீதனை ஓட்ட வெச்சுப் பாத்துரலாமுங்" என்றேன். அப்படிச் சொல்ல யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நியாயமான சோதனைதான் அது.

ஆகஸ்ட் 13, புதன்

அதே வண்டி. அதே வலது முன் சக்கரம். புது டயர். நவநீதன் நாற்பது லேப் ஓட்டினான். வண்டியைக் கடாமாடு மாதிரி முரட்டுத்தனமாகத்தான் ஓட்டினான், லேப்புக்கு அரை விநாடி அவளைவிட மெதுவு. டயர் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது. உள் ஓரம், வெளி ஓரம், நடு, எல்லாம் ஒன்று.

ஆக, வண்டி இல்லை. ஆள்.

முதலாளி, "அப்பறம் என்ன?" என்றார். "அவ எதுக்கு அப்படித் தின்னுபோடறா டயரை? இத்தனை நல்லா ஓட்டறாங்கற?"

நான் யோசித்தேன். அவள் எழுந்திருக்கும் விதம், பை தூக்காதது எல்லாம் ஞாபகம் வந்தது. "கடைசி லேப்புகள்ல வலுப் போதாம ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுக்கறா போலங்க. பொட்டப்புள்ளைக்கு உடம்பு தாங்கல போல" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஃபைனலுக்கு நவநீதன் ஓட்டுவான் என்று முடிவாகிவிட்டது.

நான் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன். சோதனை செய்து பார்த்து, அதில் வந்ததைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

முதலாளி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேசினாராம். நான் அந்தப் பக்கம் போகவில்லை. கார்புரேட்டர் கழுவ வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். பட்டறையில் எலித் தொல்லை.

ஆகஸ்ட் 16, சனி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நவநீதனுக்கு வண்டியை அமைப்பதற்கு முன்னால், அவளுடைய அளவுகளைக் கடைசியாக ஒருமுறை எடுத்து நோட்டில் முடித்துவைக்கலாம் என்று நினைத்தேன். வீட்டில் நின்று எடை பார்க்கும் மிஷின்கள் நான்கை இரவல் வாங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒன்று வைத்தேன். எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பாரம் என்று இதில் தெரியும். மூட்டையைத் தூக்கப் போனால், எலி அடியில் கடித்து மணல் பாதி தரையில் கிடக்கிறது.

அந்த நேரத்தில் சௌடேஸ்வரி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அவளுடைய சாமான்களை எடுத்துப் போக வந்திருந்தாள். முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று, "அம்மிணி, என்ற மூட்டை ஆளை எலி கடிச்சுப்போட்டுது. உடுப்பு போட்டுட்டு ரெண்டு நிமிசம் வண்டில உக்காந்து எந்திரி" என்றேன்.

"உடுப்பு எதுக்குங்ணா?"

"எடை சரியா வரோணுமல்லோ."

கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய் மாற்றிக்கொண்டு, ஹெல்மெட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

இடது முன் இருபத்தாறு. வலது முன் முப்பத்து மூன்று.

மிஷின் கோளாறு என்று இரண்டையும் இடம் மாற்றினேன். மறுபடியும் அதேதான்.

"நேரா உக்காரு அம்மிணி."

"நேராத்தான் உக்காந்திருக்கேன்."

பின்னால் போய் நின்று பார்த்தேன். அவள் ஹெல்மெட்டின் நடுவும் ஸ்டியரிங்கின் நடுவும் ஒரு கோட்டில் இல்லை. அவள் நான்கு விரல் அளவு வலது பக்கம் தள்ளி இருந்தாள். சீட்டின் இடது ஓரத்துக்கும் அவளுக்கும் நடுவில் கையை விட்டேன். உடுப்புக்கு உள்ளே கெட்டியாக என்னமோ இருந்தது.

"என்னது இது?"

"ஒண்ணுமில்லீங்ணா."

"எந்திரி. அதை எடுத்துப்போட்டு வந்து உக்காரு."

உள்ளே போய் வந்தாள். கையில் நான்காக மடித்துத் தைத்த குளிக்கிற துண்டு. அதை மேஜை மேல் வைத்துவிட்டு, சீட்டில் உட்கார்ந்தாள். வலது வளைவில் உடம்பு இடது பக்கம் சாயுமே, அப்படிக் கொஞ்சம் சாயச் சொன்னேன். சீட்டின் விளிம்பு விலாவில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"எப்ப இருந்து?"

"இந்த சீட்டு மாத்துனதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. ஆறாம் தேதி. வளைவுல ஓரம் வந்து இடிச்சுது. உள்ள சடக்குன்னு கேட்டுது."

"டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தா ஓட்டாதேம்பாங்க."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமல்லோ!" என்று கத்திவிட்டேன்.

"சொன்னனுங்ணா. லூசா இருக்குதுன்னு."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

கையுறையைக் கழற்றிக்கொண்டே அவளாகப் பேசினாள். "அப்பறம் வலிக்குதுன்னு வாயத் தொறந்தா, பொட்டப்புள்ளைக்கு உடம்பு தாங்கலைம்பாங்க. இந்த ட்ராக்குல அந்த வார்த்தையைச் சொல்லாத ஒரே ஆள் நீங்கதான். உங்ககிட்டப் போய் எப்படிங்ணா சொல்றது?"

நான் நோட்டைத் திறந்து எண்களை எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். இருபத்தாறு, முப்பத்து மூன்று என்று பக்கத்தின் ஓரத்தில் நான்கு தடவை எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, மறுபடியும்

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விளங்குகிறது. இடது விலாவைக் காப்பாற்ற இடது பக்கம் துண்டு வைத்தாள். உடம்பு வலது பக்கம் தள்ளிப்போயிற்று. சட்டம் வலது பக்கம் கூடுதலாகத் தொய்ந்து, வலது முன் சக்கரம் உள்ளே சாய்ந்து, உள் ஓரத்திலேயே ஓடியது. நவநீதன் எழுபத்து நான்கு கிலோ, சீட்டை நிறைத்து நடுவில் உட்கார்ந்தான், டயர் சீராகத் தேய்ந்தது. என் மூட்டையும் நடுவில்தான் உட்காரும். மூட்டைக்கு விலா இல்லை. எல்லோரையும்விடப் புத்திசாலி என்று மூட்டையை அளந்தேன். ஆளை உட்கார வைத்து ஒரு தடவை அளந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

ஐந்து வாரம். விலா எலும்பு விட்டுப்போய், கோணலாக உட்கார்ந்துகொண்டு, ஒரு பக்கம் இழுக்கிற வண்டியை ஓட்டி, அந்தச் சாக்பீஸ் கோட்டை ஒரு சாண் தவறாமல் பிடித்திருக்கிறாள். எனக்குப் பல்வலி என்றால் இரண்டு நாள் லீவு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சீட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி முதலாளி வீட்டுக்குப் போனேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார்.

முதலாளி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தாறு, முப்பத்து மூன்றையும் காட்டினேன். கையைக் கழுவிவிட்டு வந்து சீட்டை நிமிர்த்திப் பார்த்தார்.

"உடம்பு தாங்கலைன்னியே அன்னிக்கு?"

"தப்பாச் சொல்லீட்டனுங். தாங்கியிருக்குதுங். அத்தனையும் தாங்கியிருக்குது. நானா இருந்தா ஒரு நாள் தாங்கியிருக்க மாட்டேன்."

"வண்டியா ஆளான்னு கேட்டேன்."

"ரெண்டுமில்லீங். நாந்தான்."

அவர் சீட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு ஒரு தாளை நீட்டி, எழுதிக் கொடு என்றார். "கோளாறு: அளவு பொருந்தாத சீட். மாட்டியவர்: துரைராஜ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "டாக்டர் சரின்னா அந்தப் புள்ள ஓட்டட்டும். உன்னையப் பத்தி ஃபைனல் முடியட்டும், பேசிக்கலாம்" என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எக்ஸ்ரே. இரண்டு விலா எலும்பில் விரிசல், ஆறு வாரத்தில் முக்கால்வாசி சேர்ந்திருக்கிறது. பத்து நாள் ரேஸ் வண்டி ஓட்டக்கூடாது, அதற்கப்புறம் விலாக் கவசம் போட்டு ஓட்டலாம், வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்றார் டாக்டர். டாக்டரம்மா என்று எழுத வேண்டும். இவளா எலும்பு விட்டுப்போனதோடு ரேஸ் ஓட்டியவள் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, தன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சின்ன சீட் வந்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் அவளை உட்கார வைத்து அளந்தேன். இடது பக்கம் எவ்வளவு இடைவெளி, வலது பக்கம் எவ்வளவு, எங்கே உறுத்துகிறது என்று கேட்டுக் கேட்டு, பஞ்சு ஒட்டி, போல்ட்டை நான்கு தடவை கழற்றி மாட்டினேன். "இன்னும் கொஞ்சம் லூசுங்ணா" என்று ஒரு தடவை சொன்னாள். மறு பேச்சுப் பேசாமல் கழற்றினேன். முன் சக்கரங்கள் முப்பது, முப்பது.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை சாப்பிட்டேன். சிதறிய மணலை இன்றைக்குத்தான் கூட்டி அள்ளினேன்.

ஆகஸ்ட் 30, சனி

டாக்டரம்மா சரி என்றுவிட்டார். தகுதிச் சுற்றில் ஐந்தாவது இடம். ஐந்து வாரம் கோணலாக ஓட்டிப் பழகிய கைக்கு நேரான வண்டி புரியவில்லை. "வண்டி நான் சொல்றதுக்கு முன்னாலயே திரும்பீருதுங்ணா" என்றாள். மத்தியானத்துக்குள் பழகிவிட்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஃபைனல். இருபத்தைந்து லேப். ஐந்தாவதாகக் கிளம்பி, பன்னிரண்டாம் லேப்பில் மூன்றாவது, பத்தொன்பதாம் லேப்பில் இரண்டாவது. கடைசி ஐந்து லேப்பில் மற்றவர்களின் டயர்கள் களைத்துப் போக, இவள் மட்டும் ஒவ்வொரு லேப்பும் முந்தைய லேப்பைவிட வேகம். முதல் ஆளின் பின்னால் மூக்கு தொடுகிற தூரத்தில் கோட்டைத் தாண்டினாள். இன்னும் ஒரு லேப் இருந்திருந்தால் பிடித்திருப்பாள். மொத்தக் கணக்கில் மூன்று புள்ளி குறைந்து கோப்பை கைநழுவிப் போயிற்று. அந்த மூன்று புள்ளி யாருடைய கணக்கு என்று எனக்குத் தெரியும்.

முதலாளி வந்து முதலில் வலது முன் டயரைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் அவளைப் பார்த்தார். "அடுத்த வருசமும் இந்த வண்டி உன்றதுதான் அம்மிணி" என்றார். என் பக்கம் திரும்பி, "உன்னையப் பத்தி இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்" என்று போய்விட்டார். யோசிக்கட்டும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் யோசிப்பேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"அம்மிணி, அன்னிக்கு நீ ஒண்ணு சொன்னே. பொட்டப்புள்ளைக்கு உடம்பு தாங்கலைன்னு சொல்லாத ஒரே ஆள் நாந்தான்னு. அது நெசமில்ல. நானும் சொன்னேன். பதிமூணாம் தேதி, முதலாளிகிட்ட. அதைக் கேட்டுத்தான் உன்னைய நிறுத்துனாரு."

அவள் இளநீரைக் கீழே வைக்கவில்லை.

"தெரியுமுங்ணா. நிறுத்தறப்ப அதைச் சொல்லித்தானே நிறுத்துனாரு. துரைராஜே சொல்லிப்போட்டான், இனி நான் என்ன பண்றதுன்னாரு."

பதினாலாம் தேதியே தெரியும். பதினாறாம் தேதிதான் என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாள்.

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னே?"

"வேற எப்படிச் சொன்னா உங்களுக்கு ரோசம் வந்திருக்கும்?" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் வலிக்கிறது போல, இடது பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. டயர்களை வேனில் ஏற்ற ஆரம்பித்தேன். அவளும் ஒன்றைத் தூக்கக் குனிந்தாள். நான் தடுக்கவில்லை. "வலிச்சா சொல்லு" என்றேன். "சொல்றேன்" என்றாள்.